உளியை வாங்கிய கை

மூன்று மாதமாக என் மரக் கடைசல் பட்டறை அலமாரியில் ஒரு கிண்ணம் உட்கார்ந்திருக்கிறது. 9 அங்குல வாய், 4 அங்குல ஆழம், ஏற்காட்டுச் சில்வர் ஓக். சேலம் கோரிமேட்டில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். வெளிச்சத்தில் திருப்பினால் உள்சுவரில் வெண்பட்டு வேட்டியின் மடிப்புபோல ஒரு மினுக்கம் ஓடி மறையும். "எவ்வளவு சார்?" என்று கேட்பார்கள். விற்பதற்கில்லை என்பேன். யார் செய்தது என்று கேட்டால்தான் எனக்குப் பதில் வருவதில்லை. வெளிப்பக்கம் என் மாணவி ஒருவர் கடைந்தது. உள்பக்கம் நான் கடைந்தது. அந்த உள்பக்கத்தை நான் கடைந்திருக்கக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு நாகலூர்ப் பக்கம் ஊர். சேலத்தில் கணக்கு எழுதும் வேலை. வீட்டு வாசலில் நின்ற சில்வர் ஓக் போன ஐப்பசி மழையில் காற்றுக்குச் சாய்ந்துவிட்டது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அங்கே தானாக முளைத்த காட்டு மரம் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறுவதற்குத் தூணாகவும் நட்டு வளர்க்கப்படுவது. அவர்கள் வீட்டு மரத்திலும் மிளகு ஏறியிருந்தது. பள்ளிக்கூடம் போகும்போது பஸ்ஸுக்கு நிற்பது அதன் அடியில்தானாம். அப்பா விறகுக்குத் துண்டு போட்டதில் ஒன்றை அந்தப் பெண் கோணிப்பையில் கட்டி, 20 கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "இதுலயே செய்யலாமா சார்?"

மலையின் குளிரில் இருந்த பச்சை மரத்தைச் சேலத்து வெயிலுக்குக் கொண்டுவந்தால் இரண்டு மூன்று நாளில் வெட்டுமுகம் வெடிக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்கே நடுப்புள்ளியை விலக்கிப் பிளந்து, முனைகளில் மெழுகை உருக்கிப் பூசினோம். பிறகு அவரே 10 அங்குல அகலத்துக்கு உருட்டி, உள்ளே குடைந்து, ஒரு அங்குலக் கனத்துக்குச் சுவரை விட்டு நிறுத்தினார். ஈர மரத்தில் இப்படித்தான், அகலத்தில் பத்தில் ஒரு பங்கைச் சுவராக விட்டு முரட்டுக் கடைசல் செய்து காயப்போட வேண்டும். காயும்போது மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வட்டமாக வைத்தது முட்டை வடிவமாகத்தான் திரும்பி வரும். அந்தக் கோணலுக்கு இடம் கொடுக்கத்தான் அவ்வளவு கனம். செய்தித்தாளில் சுற்றி நாலரை மாதம் வைத்தோம். நடுவில் இரண்டு தடவை அந்தப் பெண் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி சுற்றி வைத்துவிட்டுப் போனார்.

பங்குனி மாதத்து ஒரு சனிக்கிழமை அதை மறுபடி லேத்தில், கட்டையைச் சுழற்றும் எந்திரத்தில், ஏற்றினோம். வெளிப்பக்கத்துக்கு அரை நாள் ஆனது. அடியிலிருந்து விளிம்பு நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக. நன்றாகவே வந்தது. மத்தியானம் கிண்ணத்தைத் திருப்பி, அடியைக் கவ்வும் பிடியான சக்கில் மாட்டி உள்ளே குடையத் தொடங்கினார். மூன்று மணி வாக்கில் விளிம்புக்குப் பக்கத்தில் உளி ஒரு தடவை கடித்தது. கடைசல் பழகியவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. துணி கிழிவதுபோல ஒன்று, உடனே 'டொக்' என்று இன்னொன்று. உளியின் சரிவு மரத்தில் உட்காருவதற்கு முன்னால் அதன் வெட்டுமுனை பட்டுவிட்டால் சுழலும் மரம் உளியைப் பிடித்து இழுத்துவிடும். நார் கொஞ்சம் பிய்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் மோட்டாரை நிறுத்தினார், பார்த்தார், மறுபடி போட்டார். நான்தான் பயந்துபோனேன். நாலரை மாதம் காய்ந்த மரம், வாசலில் நின்ற மரம், கைவசம் இன்னொரு துண்டு கிடையாது, ஐந்தரை மணிக்கு அவருக்கு பஸ். "குடுங்கம்மா, நான் கொஞ்சம் எடுத்துத் தர்றேன்" என்று கையை நீட்டினேன்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். விளிம்பிலிருந்து அடிவரை ஒரே இழுப்பாக இழுத்தேன். ஈரமில்லாத சீவல் நாடா நாடாவாகத் தோளுக்கு மேலே பறந்தது. அந்தப் பெண் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் ஐப்பசியில் குடைந்த தடம், அன்றைக்கு மத்தியானம் குடைந்த தடம், எல்லாவற்றையும் சீவித் தரையில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மரத்தின் மினுக்கம் வெளியே வந்திருந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு அழகா வந்திருக்கு!" என்றேன். ஆமாம் சார் என்றார். முகம் கழுவிக்கொண்டு கிளம்பிப் போனார். கிண்ணம் பெஞ்சிலேயே இருந்தது. மறந்துவிட்டாரே என்று இரவு போன் செய்தேன்.

"மறக்கல சார். அது நீங்க செஞ்சது. நான் செஞ்சேன்னு அப்பாகிட்ட எப்படிக் காட்டறது?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு எண் தவறாக விழுந்திருப்பதை எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

மேஸ்திரியின் முதுகு

எனக்குக் கடைசல் சொல்லிக்கொடுத்தவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருந்தார். நான் அப்போது இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே போய்விடுவேன். கட்டில் கால், ஊஞ்சல் தூண், மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்கும் கால்கள், சப்பாத்திக் கட்டை, மத்து, நடைவண்டிச் சக்கரம், பம்பரம். இவ்வளவுதான் அங்கே ஓடும் வேலை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த உளிகள். ஒரு சட்டத்தில் வரிசையாக ஆணி அறைந்து வைத்திருப்பார். சுழலும் கட்டைமேல் அதைத் தொட்டுவைத்தால் எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் குமிழ் என்று எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் விழும். அதற்குப் பிறகு அளவுகோலே கிடையாது. 48 கால் செய்தால் 48ம் ஒன்றுபோல இருக்கும். எந்திரத்தில் வார்த்த ஒருமை இல்லை அது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றுபோல இருப்பதைப்போல.

முதல் மாதம் சீவலைக் கூட்டுவதும் உளியைச் சாணை பிடிப்பதும் மட்டும்தான் என் வேலை. இரண்டாவது மாதம் மத்து கொடுத்தார். அவர் என் கையிலிருந்து உளியை வாங்கியதே இல்லை. ஒரே ஒரு தடவை பின்னால் வந்து நின்று, என் முழங்கையைப் பிடித்து இடுப்போடு சேர்த்து அழுத்திவிட்டுப் போனார். "கையால வெட்டாத தம்பி, ஒடம்பால வெட்டு." மற்ற நேரமெல்லாம் வாசல் திண்ணையில், தெருவைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிப்பார். திரும்பாமலே சொல்வார்: "வெட்டல. சொரண்டுது." கொஞ்ச நேரம் கழித்து: "மொனை மழுங்கிருச்சு, தீட்டிக்க." சரியாக வெட்டும்போது ஒரு வார்த்தையும் வராது. அந்த மௌனம் வந்தால் சரி என்று நான் புரிந்துகொண்டேன். இரும்பு லேத்தில் உளி ஒரு பிடியில் இறுகி உட்கார்ந்திருக்கும், சக்கரத்தைத் திருப்பினால் வரைபடத்தில் போட்ட அளவு வரும். மரக் கடைசலில் உளி கையில் இருக்கிறது. அது சரியாகப் போகிறதா என்பதைக் கண் பார்ப்பதற்கு முன்னால் காது கேட்டுவிடும். இதை அவர் ஒரு நாளும் பாடமாகச் சொன்னதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் பாடம் என்று எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

ஒரு தடவை தேக்குக் கட்டில் கால் ஒன்றைக் கெடுத்துவிட்டேன். நடுக் குமிழில் உளி கடித்து ஒரு சில்லு பிய்ந்து போய்விட்டது. தேக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும், நடுங்கிவிட்டேன். மேஸ்திரி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பக்கம் வை" என்றார். அவர் காட்டிய மூலையில் அதைப்போல ஏற்கெனவே ஏழெட்டு நின்றன. "கட்டில் கால் போனா சப்பாத்திக் கட்டை. அதுவும் போனா பம்பரம். அதுக்கும் ஆவலன்னாதான் அடுப்புக்கு." அடுத்த வாரம் அந்தத் தேக்கை என்னிடமே கொடுத்துச் சப்பாத்திக் கட்டை கடையச் சொன்னார். இன்றைக்கும் என் வீட்டில் அதில்தான் மாவு தேய்க்கிறோம். முன்பெல்லாம் இதைச் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூலை இருந்ததால்தான் நான் அடுத்த காலைத் தைரியமாகக் கடைந்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கடைவது என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம், கீரையையும் கடைகிறோம். மோட்டார் வருவதற்கு முன்னால் இருந்த கடைசலைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கட்டையைச் சுற்றி ஒரு கயிறு, அதை ஒருவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி இழுப்பார். மத்தில் கயிறு சுற்றி மோர் கடைவது அச்சாக அதே அசைவு. கயிறு ஒரு பக்கம் இழுக்கும்போதுதான் உளி வெட்டும், திரும்பும்போது உளியைப் பின்வாங்கிக் காத்திருக்க வேண்டும். வெட்டு, காத்திரு, வெட்டு, காத்திரு. அந்த மத்தும் கடைசல் பட்டறையில் பிறந்ததுதான்.

கிண்ணம் கலையானது

மேஸ்திரியிடம் நான் கிண்ணம் கற்கவில்லை. அவர் பட்டறையில் கிண்ணம் கேட்டு யாரும் வந்ததில்லை. மாடிப்படிக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் வந்தன, கட்டில்கள் கால் இல்லாத பெட்டிகளாயின, பட்டறை மூடியது. அதற்குப் பிறகுதான் வெளிநாடுகளில் மரக் கடைசலைத் தனிக் கலையாகவே செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தது. அமெரிக்காவில் கணித ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் பிரெஸ்டினி 1930களிலேயே மெல்லிய சுவருள்ள கிண்ணங்களைக் கடையத் தொடங்கினார். அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை போயின. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்ததற்காக முகாமுக்கு அனுப்பப்பட்ட பாப் ஸ்டாக்ஸ்டேல் அங்கேதான் கிண்ணம் கடையப் பழகினார். 1986இல் அமெரிக்கக் கடைசல்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் முதல் தலைவர் டேவிட் எல்ஸ்வொர்த். அவருடைய ஜாடிகளுக்கு வாய் மிகச் சிறியது. அந்த ஓட்டை வழியாக வளைந்த உளியை விட்டு, உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க முடியாமலே, சுவரை ஓடுபோல மெலிதாகக் குடைந்துவிடுவார். கைக்கு வரும் அதிர்வும் சத்தமும்தான் கண். முதல் தடவை அதைப் பற்றிப் படித்தபோது எனக்குச் செவ்வாய்ப்பேட்டைத் திண்ணை ஞாபகம் வந்தது.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பேராசிரியராக இருந்த டேவிட் பை, தானும் கிண்ணம் கடைந்தவர். கைவேலையில் இரண்டு வகை உண்டு என்று 1968இல் எழுதினார். ஒன்றில், வேலை தொடங்கும்போதே முடிவு நிச்சயமாகிவிடுகிறது, அச்சில் வார்ப்பதைப்போல. இன்னொன்றில் கடைசி நொடிவரை அது கெட்டுப்போகலாம். செய்கிறவரின் கவனமும் கைத்திறமையும் மட்டுமே அதைக் காப்பாற்றும். இந்த ஆபத்து உள்ள வேலைதான் கடைசல். மரச் சிற்பத்திலும் ஆபத்து உண்டு. நம் மாவட்டத்துத் தம்மம்பட்டிக்காரர்கள் வாகையிலும் அத்தியிலும் தெய்வ உருவங்களைச் செதுக்குவதை மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே மரம் அசையாமல் இருக்கிறது, உளி நகர்கிறது, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் கண் யோசிக்கிறது. கடைசலில் மரம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றிக்கொண்டு வருகிறது. யோசிக்க நேரம் கிடையாது. யோசனையெல்லாம் முன்னாலேயே உடம்பில் இறங்கியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் வகுப்பில் நிறையச் சொல்வேன். சொல்லிவிட்டு, நாலு சனிக்கிழமையில் ஆளுக்கு ஒரு கிண்ணம் என்று வகுப்பை வைத்திருந்தேன். சேலத்திலிருந்தும், ஓசூர், பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள். எல்லோரும் ஒரு கிண்ணத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எனக்குக் கௌரவப் பிரச்சினைபோல ஆகிவிட்டது. ஒருவருக்கு ஒரே ஒரு கட்டை. அது கெட்டால் வைக்க என்னிடம் மூலை கிடையாது. கிண்ணம் போனால் அதற்குக் கீழே ஒரு பம்பரம் காத்திருக்கவில்லை. அதனால் கெடப்போகிறது என்று தெரிந்த நொடியில் என் கை நீண்டுவிடும். நான் அப்படிச் செய்தது அந்தப் பெண்ணிடம் மட்டும் இல்லை. அவர்தான் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள். அதற்கு முன்னால் வந்தவர்களின் வீட்டு மேசைகளில் இருக்கும் கிண்ணங்களில் எத்தனையின் உள்பக்கம் என்னுடையது என்று எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரும். அவர்கள் படம் எடுத்து அனுப்பும்போது நானும் சந்தோஷமாகப் பாராட்டியிருக்கிறேன்.

கட்டைவிரல்

மேஸ்திரி இப்போது அம்மாப்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். கை லேசாக நடுங்குகிறது, ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. எப்படியிருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

மடியில் வைத்துக்கொண்டார். கண்ணால் பார்க்கவில்லை. அடியில் கட்டைவிரலை வைத்து வெளிப்பக்கமாக விளிம்புவரை மெதுவாக ஏற்றினார். பாதியில் நிறுத்தி, கொஞ்சம் கீழே வந்து, மறுபடி ஏற்றினார். நான் அந்த இடத்தைப் பிறகு தொட்டுப் பார்த்தேன். அங்கே வளைவு ஒரு நூல் தயங்குகிறது. உப்புத்தாளுக்குக்கூடப் போகாத ஒரு சின்ன மேடு. உளி நின்று, மறுபடி கிளம்பிய இடம். அப்புறம் கையை உள்ளே விட்டார். விரல் வழுக்கிக்கொண்டு ஒரே போக்கில் அடிக்குப் போனது.

"வெளிய வேற கை. உள்ள உன் கை."

"ஆமாங்க."

"எதுக்கு?"

கெட்டுப்போய்விடுமே என்று பயந்தேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் விரலை மறுபடி வெளிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, அந்தத் தயங்கிய இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். மருமகள் டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போகிற வரைக்கும் அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. கிளம்பும்போது கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு எத்தன மத்து குடுத்த?"

ஒன்றும் கொடுக்கவில்லை.

வைகாசியிலிருந்து வகுப்பை மாற்றிவிட்டேன். எட்டுச் சனிக்கிழமை. முதல் மூன்றில் கிண்ணமே கிடையாது. சாணை, பிறகு மத்து, பிறகு பம்பரம், ஒரே மாதிரியாகப் பன்னிரண்டு. மரத்துக்குக் காசு வாங்குவதில்லை. மாந்தோப்புகளில் கவாத்து செய்த கிளைகளும், சாலையோரம் விழுந்த வேம்பும் பூவரசும் சொல்லி வைத்தால் கிடைத்துவிடுகின்றன. மூலையில் ஒரு தகர டிரம் வைத்திருக்கிறேன், கெட்டதெல்லாம் அதற்குள். நிறையப் பேருக்கு இது பிடிக்கவில்லை. கலை கற்க வந்தோம், மத்து கடைய இல்லை என்று ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே மாதிரி நாற்பது செய்த பிறகு கை பழகி மரத்துப்போய், புதிதாக எதுவும் தோன்றாமலே நின்றுவிட்டவர்களையும் நான் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். எத்தனை போதும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதற்கும் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். மூன்றாம் தடவை வந்தார். அதே மரத்தில் இன்னொரு துண்டு வேலி ஓரத்தில் கிடந்திருக்கிறது. மழையிலும் வெயிலிலும் கிடந்து ஒரு பக்கம் வெடித்து, ஓரத்தில் பூஞ்சை பிடித்துக் கறுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. நான்கு சனிக்கிழமை மத்தும் பம்பரமும் கடைந்தார். டிரம்முக்குள் அவருடையது ஏழு விழுந்தது. போன வாரம் அந்தத் துண்டை லேத்தில் ஏற்றினார். வெடிப்பை வெட்டி எறிந்ததிலேயே ஏழு அங்குலமாகிவிட்டது.

உள்ளே குடையத் தொடங்கியதும் நான் வாசலுக்குப் போய்விட்டேன். கோரிமேட்டிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை கைக்கெட்டுகிற மாதிரி நிற்கும். அன்றைக்கு மேலே மேகம். முதலில் சுரண்டியது. "சொரண்டுது" என்றேன் திரும்பாமல். நின்றது, சாணைக்கல் சத்தம் கேட்டது, மறுபடி தொடங்கியது, வெட்டியது. ரொம்ப நேரம் வெட்டியது. அப்புறம் அந்தச் சத்தம், துணி கிழிந்ததுபோல, 'டொக்'. மோட்டார் நின்றது. என் வலது கை தானாக மூடித் திறந்தது. மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எதிர்க்கடையில் ஷட்டர் இறக்கினார்கள். ஒரு ஏற்காடு பஸ் போனது, அவர் போக வேண்டியதாகக்கூட இருக்கலாம். அப்புறம் உளித் தாங்கியை நகர்த்தித் திருகும் சத்தம். மோட்டார் போட்டார். விளிம்பையே ஒரு விரற்கடை கீழே இறக்கி வெட்டுகிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

முடித்தபோது இருட்டிவிட்டது. ஐந்தரை அங்குலம் இருக்கும். ஒரு பக்கம் சுவர் தடிப்பு, இன்னொரு பக்கம் மெலிது. பூஞ்சைக் கோடு ஒன்று விளிம்பிலிருந்து கிளம்பி அடியைச் சுற்றிக்கொண்டு போகிறது. நான் கையில் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

நேற்று கோணிப்பையோடு வந்து இறங்கினார். உள்ளே இரண்டு துண்டு. "விறகுக்கு வச்சிருந்தது சார். அப்பாதான் எடுத்துட்டுப் போன்னு குடுத்தாங்க."